நடக்கவே நடக்காததற்கு எதற்கு ஒரு கணக்கு?

கேள்வி: ஆரம்பாக்கத்து வாசகர், நவம்பர் 3

சார், பொன்னேரியில் படித்த எஸ். ஆர். சீனிவாச வரதனுக்கு 2007இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு கிடைத்தது என்று எங்கள் பள்ளிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். எதற்காக என்று விசாரித்தால், "பெருவிலகல் கோட்பாடு" என்கிறார்கள். நிகழ்தகவு பூச்சியத்தை ஒட்டி இருக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சியாம். லட்சத்தில் ஒன்று என்றாலும் கோடியில் ஒன்று என்றாலும் நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான். நடக்காது என்று விட்டுவிட வேண்டும். நடந்துவிட்டால் விதி என்று இருக்க வேண்டும். நடுவில் கணக்குக்கு என்ன வேலை?

நவம்பர் 3, இரவு

இரண்டும் ஒன்றல்ல. பத்து லட்சம் பாலிசிகளை எழுதி வைத்திருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கு, ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்று என்பது ஆண்டுதோறும் சராசரியாகப் பத்து இழப்பீடு. கோடியில் ஒன்று என்பது பத்தாண்டுக்கு ஒன்று. முதலாவதற்குத் தனியாக ஒரு மேசையும் ஒரு குமாஸ்தாவும் வேண்டும்.

நாணயத்தைச் சுண்டிப் பார்ப்போம். நூறு முறை சுண்டினால் அறுபதோ அதற்கு மேலோ தலை விழும் வாய்ப்பு 2.8 சதவீதம். வகுப்பில் நாற்பது மாணவர்களைச் சுண்டச் சொன்னால் ஒருவருக்காவது விழுந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். அதே அறுபது சதவீதத்தை ஆயிரம் சுண்டலில் கேட்டால், அதாவது அறுநூறு தலைக்குக் குறையக் கூடாது என்றால், வாய்ப்பு ஆயிரம் கோடியில் ஒன்றரைக்கும் கீழே போய்விடுகிறது. விகிதம் மாறவில்லை, சுண்டலின் எண்ணிக்கை பத்து மடங்காயிற்று, அவ்வளவுதான்.

இந்தச் சரிவு கண்டபடி நிகழ்வதில்லை. ஒவ்வொரு கூடுதல் சுண்டலுக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 2 சதவீதம் தேய்கிறது. எழுபது சதவீதத் தலை வேண்டுமென்றால் தேய்மானம் சுண்டலுக்குச் சுமார் 8 சதவீதம். இந்தத் தேய்வு வீதத்தை முன்கூட்டியே கணக்கிட முடியும் என்பதைப் பொதுவான வடிவில் காட்டியவர் ஸ்வீடன் நாட்டு ஹரால்டு கிராமர், ஆண்டு 1938. அவர் காப்பீட்டுக் கணக்கில் ஊறியவர் என்பது தற்செயலன்று.

நவம்பர் 4, காலை

மேலே எழுதியது கிராமருடைய கதை. வரதன் எங்கே வருகிறார் என்று நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

1940இல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் பொன்னேரி உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த அறிவியல் ஆசிரியர். ஆரம்பாக்கத்தில் சென்னை ரயிலேறினால் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை தாண்டியதும் வருகிற அதே பொன்னேரிதான். பிறகு தாம்பரத்தில் இண்டர்மீடியட், மாநிலக் கல்லூரியில் புள்ளியியல், கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். அங்கே சி. ஆர். ராவின் மாணவராக 1963இல் முனைவர் பட்டம். ஆய்வேட்டைப் பார்வையிட்டவர்களில் ஒருவர் ஆந்திரேய் கோல்மோகரோவ். நிகழ்தகவுக்கு இன்றைய அடித்தளத்தை 1933இல் போட்டவர் அவரேதான். பட்டம் பெற்ற 1963இலேயே நியூயார்க்கின் கூரன்ட் கணித நிறுவனத்துக்குச் சென்ற வரதன், தம் பணிவாழ்க்கை முழுவதையும் அங்கேயே கழித்தார்.

1966இல் அவர் செய்தது என்னவென்றால், கிராமருடைய கணக்கையும், சனோவ் 1957இல் கண்ட முடிவையும், இப்படி அங்கங்கே தனித்தனியாகக் கிடந்த மற்றவற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நாணயம், சூதாட்டம் என்று இல்லாமல், காலத்தோடு தற்செயலாக நகரும் எந்தச் செயல்முறையாக (சமவாய்ப்புச் செயல்முறை என்பார்கள்) இருந்தாலும், அது போகக்கூடிய ஒவ்வொரு பாதைக்கும் ஒரு விலை உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பாதைக்கு விலை பூச்சியம். அதிலிருந்து விலக விலக விலை ஏறும். ஓர் அரிய நிகழ்ச்சி பல பாதைகளில் நடக்கக்கூடும் என்றால், அதன் நிகழ்தகவைத் தீர்மானிப்பது அவற்றுள் மிகக் குறைந்த விலையுள்ள பாதை ஒன்றே. மற்றவை எண்ணிக்கையில் எத்தனை இருந்தாலும் அதன் முன்னால் ஒன்றுமில்லாமல் போகும்.

நவம்பர் 4, மாலை

மணி வடிவ வளைவு இருக்கிறதே, அது போதாதா என்று கவரைப்பேட்டைக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சராசரியின் அக்கம்பக்கத்துக்கு அது போதும். ஓரத்துக்குப் போகப் போகக் காலை வாரிவிடும். நூறு சுண்டலில் தொண்ணூறோ அதற்கு மேலோ தலை விழுவதற்கு அந்த வளைவு தரும் மதிப்பு, உண்மையான மதிப்பைப்போல் நாற்பது மடங்கு. இங்கே அது கூட்டிச் சொல்கிறது. வேறு பரவல்களில் குறைத்துச் சொல்லும். குறைத்துச் சொல்லும் இடத்தில்தான் ஆபத்து.

நவம்பர் 6

நேற்று முழுவதும் யோசித்ததில், முதல் நாள் பதிலில் முக்கியமானதை விட்டுவிட்டு ஓரத்தில் இருந்ததைச் சொன்னேனோ என்று தோன்றுகிறது. எவ்வளவு அரிது என்ற எண்ணைக் காட்டிலும், நடந்தால் எப்படி நடந்திருக்கும் என்பதே இந்தக் கோட்பாட்டில் என்னை இழுத்தது.

ஆயிரம் சுண்டலில் அறுநூறு தலை விழுந்துவிட்டது என்று ஒருவர் வந்து சொல்கிறார். பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது எந்த வழியில் விழுந்திருக்கும்? எடுத்த எடுப்பில் இருநூறு தலை தொடர்ச்சியாக விழுந்து, மிச்சம் எண்ணூறில் சரிபாதி விழுந்திருக்கலாம். அப்படியும் மொத்தம் அறுநூறுதான். வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் இந்த வழிக்குத்தான் கை தூக்குவார்கள், ஏனென்றால் ஓர் அதிசயம் ஓர் இடத்தில் நிகழ்வதாகக் கற்பனை செய்வது எளிது. விலையைப் பார்ப்போம். இருநூறு தலை தொடர்ச்சியாக விழுவதன் விலை 138க்கு மேல். ஆயிரம் சுண்டலிலும் சிறிது சிறிதாக, ஒவ்வொரு நூற்றிலும் அறுபதை ஒட்டியே விழுந்து வருவதன் விலை 20. விலை என்று நான் சொல்வது அடுக்கில் ஏறும் எண்: விலை ஒன்று கூடினால் நிகழ்தகவு சுமார் 2.7 மடங்கு சுருங்கும். ஆகவே 138க்கும் 20க்கும் உள்ள இடைவெளி, ஐம்பது இலக்கத்துக்கும் மேற்பட்ட ஓர் எண்ணால் வகுப்பதற்குச் சமம்.

எனவே அறுநூறு தலை வந்திருந்தால், அந்த நாணயம் தொடக்கம் முதல் கடைசி வரை அறுபதுக்கு நாற்பது என்று சாய்த்து வார்த்த நாணயத்தைப் போலவே நடந்துகொண்டிருக்கும். ஏட்டைப் பார்ப்பவருக்கு நாணயம் கோணல் என்றே தோன்றும். சாய்த்த நாணயத்தில் அறுநூறு தலை என்பது சாதாரண நிகழ்ச்சி. அரியதைச் சாதாரணமாக்கும் இந்தச் சாய்ப்பு உத்தியை 1932இலேயே எஷர் என்ற ஸ்வீடன் காப்பீட்டுக் கணக்கர் கையாண்டிருக்கிறார்.

கணினியிலும் இதுவே வழி. சாய்க்காத நாணயத்தைக் கணினியில் சுண்டி அறுநூறு தலைக்காகக் காத்திருந்தால் மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பெண் அறுபது-நாற்பதாகச் சாய்த்துச் சுண்டவிட்டு, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அந்தச் சாய்ப்பை ஈடுகட்டும் எடையைப் பெருக்கிச் சரிசெய்தாள். தேநீர் ஆறுவதற்குள் விடை திரையில் வந்தது. அவள் அதைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. தாளில் கையால் ஒரு முறை போட்டுப் பார்த்த பிறகுதான் கணினியை அணைத்தாள்.

நவம்பர் 7

"விதி என்று இருக்க வேண்டியதுதானே" என்ற வரிக்குப் பதில் எங்கே என்று நினைவூட்டியிருக்கிறீர்கள். விதியோடு எனக்குச் சண்டையில்லை. அதன் கையில் விலைப்பட்டியல் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நவம்பர் 9

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில், படகு சேதத்துக்குப் பொது நிதி ஒன்று சேர்க்கலாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஆந்திரப் பக்கத்துக் குப்பம். கூட்டம் முழுக்கத் தமிழில்தான் நடந்தது. நகரத்தில் யாரோ போட்டுக் கொடுத்த கணக்குத்தாளை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நீலக்கோடு போட்ட முழுத்தாள்: படகு, வலை, இயந்திரம் என்று மூன்று பத்தி, கீழே ஆண்டுச் சராசரி இழப்பு, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி மாதச் சந்தா. நிதி காலியாகிவிடும் வாய்ப்பு மிகச் சிறியது என்று ஒரு வரியும் இருந்தது.

1903இல் ஸ்வீடன் காப்பீட்டுக் கணக்கர் பிலிப் லுண்ட்பெர்க் தம் ஆய்வேட்டில் எழுப்பிய கேள்வி இதுவே. சந்தா சீராக வருகிறது, இழப்பீடு ஒழுங்கில்லாமல் போகிறது. கையிருப்பு எப்போதாவது பூச்சியத்துக்குக் கீழே இறங்கும் வாய்ப்பு எவ்வளவு? கையிருப்பைக் கூட்டக் கூட்ட அந்த வாய்ப்பு அடுக்கில் தேயும் என்பது விடை. இதைத்தான் கிராமர் பின்னால் செம்மையாக்கினார். ஆகவே தாளில் இருந்த வரி, அதன் அனுமானத்துக்கு உட்பட்டுச் சரி.

அனுமானத்தை ஒரு பெரியவரே எடுத்துப் போட்டார். "புயல் அடிச்சா என் படகு, அவன் படகுன்னு பாக்குமா வாத்தியாரே? எல்லாம் ஒண்ணாத்தானே போவும்?" கிராமருடைய தேற்றத்துக்கு ஒவ்வொரு இழப்பும் மற்றதைச் சாராமல் நிகழ வேண்டும். அந்தத் தாள் இருநூறு படகுகளை இருநூறு தனி நாணயங்களாக எண்ணியிருந்தது. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிக்கோட்டாவை ஒட்டிக் கரை கடந்த புயலைப் பார்த்த எவரும் அப்படி எண்ணமாட்டார்கள். அந்தப் புயலில் எல்லாப் படகுக்கும் நாணயம் ஒன்றே.

இந்த இடத்தில்தான் கிராமரை விட்டுவிட்டு வரதனைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மன்றோ டான்ஸ்கரோடு சேர்ந்து 1975 முதல் அவர் எழுதிய தொடர் கட்டுரைகள், இன்றைய நிலை நேற்றைய நிலையைச் சார்ந்திருக்கும் செயல்முறைகளுக்குப் பெருவிலகலைக் கணக்கிடுகின்றன. ஒரு செயல்முறை தன் நேரத்தை எந்த நிலையில் எவ்வளவு கழிக்கிறது என்பதற்கு வழக்கமான பங்கீடு ஒன்று இருக்கும். நெடுங்காலம் வேறொரு பங்கீட்டிலேயே தங்கிவிடுவதன் விலை என்ன என்பது அவர்கள் கேள்வி. ஆண்டுக்குச் சில நாள் மட்டுமே கடல் கொந்தளிக்கும் கரையில், ஒரு பருவம் முழுக்கக் கொந்தளித்துக்கொண்டே இருந்தால் என்று கேட்பது போன்றது.

குப்பத்தின் நிதி பிறகு சேதநிதியாக இல்லாமல் வலை வாங்கும் கடன்நிதியாக மாறியது. அது தேவலை.

நவம்பர் 12

டான்ஸ்கர், வரதன் இருவரும் செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்ததைப் பற்றி இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. நேரம் இருப்பவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏரியில் வலைகள் கண்ட கண்ட இடத்தில் போட்டுக் கிடக்கின்றன. ஒரு மீன் எந்தத் திக்கும் இல்லாமல் அலைகிறது. எந்த வலையைத் தொட்டாலும் அகப்பட்டுக்கொள்ளும். நெடுநேரம், டி என்ற நேரம் வரை, அது தப்பியிருக்கும் வாய்ப்பு என்ன?

முதலில் தோன்றுகிற விடை: அலைய அலைய அது துழாவும் பரப்பு நேரத்தோடு ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடுகிறது, அந்தப் பரப்பில் வலையே இல்லாதிருக்க வேண்டும், ஆகவே விலையும் டி அளவுக்கு ஏறும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கம்போல் அலைந்துகொண்டே தப்புவதற்கான விலை இது. அதைவிட மலிவான வழி ஒன்று உண்டு.

மீன் பிறந்த இடத்தைச் சுற்றி வலையே இல்லாத ஒரு வட்டம் தற்செயலாக அமைந்திருக்கலாம். அந்த வட்டத்துக்குள்ளேயே மீன் சுற்றிக்கொண்டிருக்கலாம். இதற்கு இரண்டு செலவு. வட்டம் காலியாக அமைவதன் விலை அதன் பரப்பைப் பொறுத்தது, அதாவது ஆரத்தின் இருபடி. வெளியே போகாமல் உள்ளேயே இருப்பதன் விலை டியை ஆரத்தின் இருபடியால் வகுத்தது, ஏனென்றால் சிறிய வட்டத்துக்குள் அடைந்து கிடப்பது கடினம், பெரியதில் எளிது. வட்டத்தைப் பெரிதாக்கினால் முதல் செலவு ஏறும், இரண்டாவது இறங்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் கூட்டுத்தொகை மிகக் குறைவு. டி 10,000 என்றால் ஆரம் 10. இரண்டு செலவும் தலைக்கு நூறு. மொத்த விலை 10,000த்தின் அளவில் இல்லை, அதன் வர்க்கமூலமான நூறின் அளவில் நின்றுவிடுகிறது. தளத்தில் இப்படி, முப்பரிமாண வெளியில் டியின் ஐந்தில் மூன்று அடுக்கு.

இந்த மலிவான வழி இருக்கிறது என்று ஊகிப்பது இயற்பியலாளர்களுக்குக் கைவந்த கலை. மார்க் காட்ஸும் லட்டிஞ்சரும் கேள்வியை எழுப்பியிருந்தார்கள். இதைக் காட்டிலும் மலிவான வழி வேறு எதுவும் இல்லை என்று நிறுவுவதுதான் மலை. மீன் எண்ணற்ற விதமாகத் தப்பலாம். அத்தனையையும் ஒரே வலைக்குள் அடக்க வேண்டும். 1975இல் அதை முடித்தார்கள். விடையில் வரும் மாறிலிக்குள், வட்ட வடிவத் தோல் கருவியின் அடிச்சுருதியைத் தரும் எண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. காரணம் இருக்கிறது: கொடுத்த பரப்பில் மிகத் தாழ்ந்த சுருதியைத் தரும் வடிவம் வட்டம்தான், ஆகவே மீனுக்கும் வட்டமே மலிவு.

இதே கருவிகளைக் கொண்டு, படிகத்துக்குள் ஊர்ந்து செல்லும் எலெக்ட்ரான் பற்றிய போலரான் கேள்வியை 1983இல் இருவரும் தீர்த்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்குப் போதுமான இயற்பியல் கிடையாது.

நவம்பர் 13

பழவேற்காட்டிலிருந்து ஒருவர் மறுப்பு எழுதியிருக்கிறார்: எங்கள் ஏரியில் வலைகள் கண்ட கண்ட இடத்தில் கிடப்பதில்லை, பாடு முறையில் முறைவைத்து இடம் ஒதுக்குகிறோம், யார் எங்கே போடுவது என்பது ஊர்க்கட்டுப்பாடு. முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பாடு இருக்கும் இடத்தில் டான்ஸ்கர்–வரதன் தேற்றம் செல்லாது. பெரிய காலி வட்டம் தற்செயலாக அமைவதைத்தான் ஊர்க்கட்டுப்பாடு ஒழித்துவிடுகிறதே! மீனின் தரப்பிலிருந்து பார்த்தால், ஒழுங்கில்லாத ஊர்தான் வாழத் தகுந்தது.

நவம்பர் 16

இங்கே மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

நவம்பர் 6 பதிவில், அரிய கூட்டுத்தொகை எல்லா உறுப்புகளும் சிறிது சிறிதாகச் சாய்ந்து வருவது என்று எழுதினேன். அது நாணயத்துக்குப் பொருந்தும். தனி உறுப்பு ஒவ்வொன்றின் ஓரமும் வேகமாகத் தேயும் எதற்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் அப்படி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓரம் மெதுவாகத் தேயும் பரவல்கள் உண்டு. அவற்றில் கூட்டுத்தொகை எகிறினால், மற்ற எல்லா உறுப்புகளும் வழக்கம்போல் இருக்க, ஒன்றே ஒன்று மட்டும் பூதாகரமாக எழுந்திருக்கும். ஒரு கிராமத்தின் மொத்தச் சொத்து திடீரென்று நூறு மடங்கானால், ஒவ்வொருவரும் நூறு மடங்கு சம்பாதித்தார்கள் என்று எவரும் நினைக்கமாட்டார்கள்; பெரும்பணக்காரர் ஒருவர் குடிவந்திருக்கிறார் என்றே நினைப்பார்கள். அங்கே கிராமர் சொன்ன சாய்ப்பு வேலை செய்யாது, ஏனென்றால் சாய்ப்பதற்குத் தேவையான சராசரியே முடிவிலிக்குப் போய்விடும்.

மழை எந்தக் கட்சி? 2015ஐ எடுத்துக்கொள்வோம். அந்த நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது 1,049 மில்லிமீட்டர். வழக்கத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அது ஒரே நாளில் கொட்டியதன்று. மாதம் முழுக்கச் சுற்றுச் சுற்றாக வந்தது. முழு மாதமும் சாய்ந்துவிட்டது எனலாம், நாணயத்தைப் போல. அது முடிந்த கையோடு டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். வரதன் இண்டர்மீடியட் படித்த தாம்பரம்தான். இது ஒற்றைப் பூதம். வெள்ளத்துக்கு இரண்டும் தேவைப்பட்டன: முதலாவது ஏரிகளை நிரப்பி வைத்தது, இரண்டாவது வந்து தள்ளியது.

ஆகவே ஓர் அணையின் மதகுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு, இருபது நாள் தொடர்ந்து கூடுதலாக மழை பெய்வது மலிவா, ஒரு நாள் அளவுக்கு மீறிக் கொட்டுவது மலிவா, அல்லது இரண்டும் பாதிப்பாதி சேர்வது மலிவா என்பது வெறும் ஏட்டுக் கேள்வியாக இராது. முதலாவது என்றால் தண்ணீரைச் சிறிது சிறிதாகத் திறந்துவிட அவகாசம் உண்டு. இரண்டாவது என்றால் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். மொத்த மழை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை இந்த அளவைத் தாண்டும் என்ற ஒற்றை எண் இரண்டையும் பிரித்துக் காட்டாது. என் பார்வையில், அந்த ஒற்றை எண்ணோடு நின்றுவிடும் அறிக்கைகள் பாதி வேலையைத்தான் செய்கின்றன.

நவம்பர் 17

இல்லை, அடுத்த வெள்ளம் எந்த ஆண்டு என்று இந்தக் கோட்பாடு சொல்லாது. நாள் குறிப்பதற்குப் பஞ்சாங்கம் இருக்கிறது.

நவம்பர் 20

ஆரம்பாக்கத்து வாசகர் மறுபடியும் வந்திருக்கிறார்: "சார், விலை தெரிந்துவிட்டால் நிகழ்தகவு தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?" கூடாது. பெருவிலகல் தருவது அடுக்கை மட்டுமே. முன்னால் ஒட்டிக்கொள்ளும் பெருக்கு எண்ணைத் தருவதில்லை. நூறு சுண்டலில் அறுபது தலைக்கு, விலையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 13 சதவீதம் வரும், உண்மை 2.8. ஆயிரம் சுண்டலிலும் ஏறத்தாழ பதின்மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கிறது. ஆனால் ஆயிரம் கோடியில் ஒன்று என்ற அளவில் பேசும்போது, பத்துப் பதினைந்து மடங்கை ஒதுக்கிவிட்டு எந்த வழி மலிவு என்று தெரிந்துகொள்வதே லாபம். சிறிய கணக்குகளுக்கு இதைக் கையில் எடுக்க வேண்டாம்; நேரடியாகக் கூட்டிப் பார்த்துவிடலாம்.

அடுத்த கேள்வியும் அவருடையதே: இதை நம் பக்கத்து மழைக்குப் போட்டுப் பார்க்க முடியுமா? முடியும், ஆனால் மாதக் கூட்டுத்தொகை உதவாது. மாதத்தின் மொத்தம் மட்டும் இருந்தால் முழு மாதமும் சாய்ந்ததா, ஒரு நாள் மட்டும் எகிறியதா என்று பிரிக்க வழியில்லை. தடா, ஆரம்பாக்கம், சூலூர்பேட்டை வட்டாரத்தில் பள்ளியிலோ பண்ணையிலோ மழைமானி வைத்துத் தினமும் காலையில் அளந்து எழுதிய பழைய பதிவேடு யாரிடமாவது இருந்தால், தெலுங்கில் இருந்தாலும் தமிழில் இருந்தாலும், பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். மழை பெய்யாத நாள்களின் பக்கங்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வெற்று நாள்களை விட்டுவிட்டுக் கொட்டிய நாள்களை மட்டும் அனுப்பினால் கணக்கு நிற்காது.